அப்பாவின் குரலில் பேசிய கிரகம்

ஞாயிறு
காலை முழுக்க மழை. குமார் வீட்டுப் பின்னறையில் ரெக்கார்டிங். கித்தார் குமார், டிரம் ராஜன், பாட்டும் பேஸ் கித்தாரும் நான். எங்கள் ‘வானத் தோட்டம்’ கேசட்டில் கடைசிப் பாட்டு. கதை: ரப்பர் பால்மரம் வெட்ட வேறு கிரகத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஜனங்கள். அங்கே முதலாளி கிடையாது, கிரகமே பேசும். அந்தக் குரல்தான் கிடைக்கவில்லை. ராஜன் வாளிக்குள் தலையை விட்டுக் கத்தினான். தவளைச் சத்தம்தான் வந்தது.

கடைசியில் என் டேப்பைக் கொடுத்தேன். பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் அப்பாமேல் சாமி வந்து வாக்குச் சொன்னது. ரெக்கார்டரைச் சட்டைக்குள் மறைத்துப் பதிவு செய்தது. வேகத்தைக் குறைத்துப் போட்டதும் மூவருக்கும் புல்லரித்தது.

“டேய், இதான்டா கிரகம்!” குமார்.

செவ்வாய்
செங் ஊர் பேக்டரியில் காலை ஷிப்ட் வேலை. பேஸ் கம்பி வாங்கணும். அம்மாவுக்குத் தைலம். டேப் விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளி
நல்ல வெயில். கோயிலில் உடுக்கை அடித்தார்கள். அப்பா கண்ணை மூடி நின்றார். நான் பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் வரும் சாமி வரவில்லை. கையிலிருந்த சுருட்டு அணைந்துபோனது.

பின்னால் ஓர் அக்கா: “யாரோ தப்பு பண்ணிட்டாங்க லா. சாமி கோச்சுக்கிச்சு.”

மோட்டார் சைக்கிளில் புக்கிட் ரம்பாய் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் அப்பா: “சாமி என்னை விட்டுருச்சாடா தம்பி?”

சனி
குமாரிடம் அந்தக் குரலை அழிக்கச் சொன்னேன்.

“பைத்தியமாடா? டேப்புல சாமி மாட்டுமா?”

மாட்டாது. எனக்கும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் ராஜன்தான் டேப்பைப் பிடுங்கிக் கொடுத்தான். “சாமிகிட்டயே கொண்டுபோய் வச்சிரு லா.”

வெள்ளி
மேகமூட்டம். ராஜனும் கூட வந்தான். டேப்பை முனியாண்டி காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். உடுக்கை ஆரம்பித்தது. அப்பா அசையவில்லை.

ஆடியது என் முழங்கால். பிடித்து நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. அப்பா கண் திறந்தார். என் முன்னால் வந்து கைகூப்பினார்.

“வாங்க சாமி.”

அதற்குமேல் ஞாபகமில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துத்தான் எழுப்பினார்கள். அப்பா அழுதுகொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன், எல்லோரும் கைகூப்பி விலகினார்கள். ராஜன் எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்திருக்கிறான். கேசட்டை என் கையில் திணித்தான். “அது உன் குரலே இல்லடா.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வீட்டில் கேசட் மேசைமேல் கிடக்கிறது. போட்டுக் கேட்கப் பயம்.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

“சாமி, சாப்பிட வர்றீங்களா?”