வெட்டுகத்திப் பரீட்சை

1953 ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து சாரல். வடசேரிச் சந்தையில் குடைக் கம்பி ஒடிந்தது. இடது முழங்கால் வலி.

நாளைக்கு வேலை: குலசேகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கத்திப் பரீட்சை. காடு வெட்டும் ஆட்களுக்குக் கத்தி வாங்கப் போகிறார்கள். போட்டிக்கு இருவர். ஒருவர் நாகர்கோவில் கடைக்காரர், யுத்தத்தில் மிஞ்சிய பட்டாளத்துக் கத்தி விற்பவர். மற்றவர் தக்கலைப் பக்கத்துக் கொல்லர் ஆறுமுகம் ஆசாரி, சொந்த உலையில் அடித்த வெட்டுகத்தி. எது அதிகம் தாங்குகிறதோ அதற்கு ஆர்டர்.

பத்திரிகை ஆசிரியர்: "ஒரு பத்தி போதும்." என்னிடம் எப்போதும் ஒரு பத்திதான் கேட்கிறார்.

ஜூன் 9, செவ்வாய்

வெயில், பிறகு மழை. பஸ்ஸில் நின்றுகொண்டே.

பரீட்சை நடத்தியவர் தோட்டத்து மேற்பார்வையாளர், பட்டாளத்தில் பழைய சுபேதார். நடந்தது:

காய்ந்த புளியங்கட்டையில் வெட்டு. பட்டாளத்துக் கத்திக்குச் சேதமில்லை. ஆசாரி கத்தியின் வாய் தகரம்போல் மடங்கியது.

இடுக்கியில் இறுக்கி வளைப்பு. முன்னது வளைந்து நிமிர்ந்தது. பின்னது வளைந்தபடியே நின்றது.

தண்ணீரில் பிடி. பட்டாளத்துக் கத்தியின் தோல் பிடி ஊறிப் பெருத்தது. ஆசாரியின் மரப்பிடி அசையவில்லை. அதற்குள் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சுபேதார்: "என்னவே ஆசாரி, கத்தி கேட்டா பப்படம் கொண்டாந்திருக்கீரு?" ஆட்கள் சிரிப்பு. ஆசாரி கொண்டுவந்த இரண்டாவது கத்தியும் அப்படியே. மடங்கிய வாயை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார் ஆசாரி. "என் கைக்கு என்னமோ ஆயிட்டு."

சுபேதார் பின்பு கொஞ்சம் இறங்கி வந்தார். "எதனால இப்படி ஆச்சுன்னு சனிக்கிழமைக்குள்ள வந்து சொல்லும். நியாயமா இருந்தா இன்னொரு தடவை பாப்போம். சும்மா வேற கத்தியத் தூக்கிட்டு வரப்பிடாது."

திரும்பும் வழியில் ஆசாரி: ஆர்டர் இல்லையென்றால் உலையை மூடிவிட்டுத் திருவனந்தபுரம், மச்சினனின் பஸ் பட்டறை. அங்கே கூலி ஆள்.

ஜூன் 11, வியாழன்

புழுக்கம். செய்திக்கு ஆசாரியின் வாய்மொழி வேண்டும் என்று தக்கலை போனேன். ஆசாரி உலைக்குச் சிரட்டைக்கரி வாங்கப் போயிருந்தார். மனைவி பகவதி இருந்தாள்.

"அண்ணாச்சி, அவரு ரெண்டு நாளா துண்டு இரும்பக் காய்ச்சித் தண்ணியில முக்கி ஒடிச்சு ஒடிச்சுப் பாக்காரு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்பறமும் கை போச்சுங்காரு."

பிறகு அழுகை. பிறகு விஷயம். கத்திகளைப் பார்த்து அக்கம்பக்கம் முழுக்க மெச்சியிருக்கிறது. திங்கள் சாயங்காலம் கண்ணூறு கழித்திருக்கிறாள். உப்பும் மிளகாய் வத்தலும் சுற்றி அடுப்பில் போட்டு, கத்திகளையும் கங்கில் வைத்திருக்கிறாள்.

"வத்தல் கமறவே இல்ல. கமறலன்னா கண்ணு போகலன்னுதான அர்த்தம்? கமறட்டும் கமறட்டும்னு வச்சிட்டே இருந்தேன்."

அப்புறம் கரி போகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டாள். அவர் பளபளப்பைப் பார்த்துத் திருப்தியாகக் கொண்டுபோயிருக்கிறார். கங்குச் சூட்டில் இரும்பின் பதம் இறங்கிவிடும். கொல்லன் பெண்டாட்டி, கத்தி மடங்கியதைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவருட்ட சொல்லிராதீங்க. நான்தான்னு தெரிஞ்சா எம் மொகத்துல முழிக்க மாட்டாரு."

காரணம் சொல்லாவிட்டால் மறு பரீட்சை இல்லை என்றேன். காப்பி தந்தாள். கருப்பட்டி அதிகம்.

ஜூன் 12, வெள்ளி

செய்தி எழுதினேன், கொடுக்கவில்லை. காரணத்தை விட்டால் பாதிச் செய்தி. சேர்த்தால், புருஷனிடம் அவள் சொல்ல வேண்டியதை அச்சு சொல்லும். ஆசிரியருக்குப் பப்படம் தலைப்பில் வர வேண்டுமாம். சனி வரை பொறுங்கள் என்றேன். முகம் சுளித்தார்.

மத்தியானம் ஆசாரியே ஆபீசுக்கு வந்தார். "கை போச்சுன்னே எழுதிருங்கோ. உள்ளத எழுதணும்லா."

"வீட்டுல கேட்டுப் பாத்தீரா?"

"அவளுட்டயா? அவளுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்?"

வாசல் வரை வந்து வழியனுப்பினேன். சாயங்காலம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 13, சனி

மழை இல்லை. மறுபடி தோட்டம், சொந்தச் செலவில். ஆசாரி வந்தது மடங்கிய கத்திகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. பின்னால் வந்த பஸ்ஸில் பகவதி. அவர் அவளை எதிர்பார்க்கவில்லை.

நேரே சுபேதார் முன்னால் போய் நின்றாள். "நான்தான் தீயில வச்சேன். அவரு கையில ஒரு குத்தமும் இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள், வத்தல் கமறாதது உட்பட.

ஒருவன்: "சுபேதாரே, பட்டாளத்துல துப்பாக்கிக்குக் கண்ணூறு கழிப்பியளா?" ஒரே சிரிப்பு. ஆசாரி சிரிப்பு அடங்கும்வரை தரையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை, சுபேதாரிடம் திரும்பினார்.

"சுபேதாரே, அந்தப் பட்டாளத்துக் கத்தியையும் கங்குல வச்சு எடுத்துட்டு வெட்டிப் பாரும். அதுவும் பப்படந்தான்."

சுபேதார் கத்தியைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்துவிட்டார். "வேண்டாம்வே. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை புதுசு ரெண்டு கொண்டாரும்."

திரும்பும் பஸ்ஸில் அவர் முன்னால், அவள் பின்னால், நடுவில் நான். திருவட்டாறு தாண்டியது. பிறகு அவர் திரும்பாமலே சொன்னார்:

"ஏட்டி, வத்தல் கமறலன்னா வத்தல் பழசு."

"நீங்க வாங்கிட்டு வந்ததுதான."