புரட்டாசியில் கருவாட்டுத் தூள்

புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. இரவு.

மொட்டைமாடியில் வளர்க்கும் நான்கு கோழிகளுக்கும் கழுத்திலும் முதுகிலும் இறகு கொட்டிவிட்டது. மூன்று வாரமாக முட்டையும் இல்லை. "புரட்டாசி முடியவும் அடிச்சுக் கொழம்பு வச்சிரு" என்று காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இன்று எனக்குப் பள்ளிக்கூட வேலை இல்லை. பக்கத்து ஊரான பரவைக்கே போய்த் தீவனக் கடையில் கேட்டேன். "சீக்கெல்லாம் இல்லக்கா, இறகு மாத்துது. வெறும் அரிசியும் கம்பும் போட்டா எப்படி முளைக்கும்? கருவாட்டுத் தூள் கலந்து போடுங்க" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் இந்த மாதம் கவிச்சி நிலைப்படி தாண்டாது. அதைச் சொன்னதும் கடலைப் புண்ணாக்கை எடுத்து வைத்தார். "இதுவும் ஆகும். ஆனா அம்புட்டு வேகம் இருக்காது."

எனக்கு வேகம்தான் வேண்டும். மாதம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. இரண்டையும் வாங்கினேன். தூளை மாடியிலேயே பழைய பெயின்ட் வாளியில் போட்டு மூடினேன். மாடி வீட்டுக்குள் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் தீவனம் வைக்கப் போனால், தட்டில் ஏற்கெனவே தீவனம் இருந்தது. கோழிகள் முட்டிமோதித் தின்றுகொண்டிருந்தன. வாளி மூடி கீழே கிடந்தது.

இறங்கி வந்தேன். பெருமாள் கோயிலுக்குக் கிளம்ப வேண்டிய என் வீட்டுக்காரர், குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "புண்ணாக்குதான் போட்டேன்" என்றார்.

நான் எதுவுமே கேட்கவில்லை.

கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தார்.