ஏழாம் நம்பர் வீல்சேர்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் எங்கள் சங்கத்தின் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் என் தலையில். டெலிபோன் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு இது வராதா என்று செயலாளர் ஹரிஷ் ஏற்றிவிட்டார். நானும் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஒக்கலிபுரத்தில் ஒரே அறையில் இருந்துகொண்டு வீல்சேர், வாக்கர் எல்லாம் இலவசமாக இரவல் தருகிறோம். கையிலிருப்பது பதினோரு வீல்சேர். காத்திருப்பவர்கள் பத்தொன்பது பேர். ஊரில் எத்தனையோ வீடுகளில் வீல்சேர் சும்மா கிடக்கிறது. அதைக் கொடுக்க வைக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

முதல் பதிவு போட்டாயிற்று. ஏழாம் நம்பர் வீல்சேரில் நாராயணசாமி. சிவாஜிநகர் ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் துணி கிழித்துக் கொடுத்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய் எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. பக்கத்தில் மனைவி யசோதா. ஹரிஷ் விளம்பரக் கம்பெனிக்காரர் அல்லவா, முகம்தான் முக்கியம் என்று பாடம் எடுத்திருந்தார். கண்ணில் ஈரம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்தேன். 'நடக்க முடியாதவருக்கு ஒரு நம்பிக்கை' என்று மேலே எழுதினேன். நானே நாலு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆயிரத்து இருநூற்று நாற்பது லைக். கனடாவிலிருக்கும் நாத்தனார் மகள் மூன்று இதயம் போட்டிருக்கிறாள். எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து இரண்டு தோசை கருகிப் போனது.

வீல்சேர் ஒன்றுகூட வரவில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் 16, திங்கள்

யசோதா வந்தாள். காலி வண்டியை வீட்டிலிருந்து தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

அவருடைய ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லாரும் போனில் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். ஆளாளுக்குப் போன் செய்து ஐயோ பாவம் என்றிருக்கிறார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். "இனிமே அதுல உக்கார மாட்டேன்றாரு மேடம். வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

நான் என்ன செய்தேன்? அவள் கையெழுத்துப் போட்ட பாரத்தை எடுத்து நீட்டினேன். இரவல் பாரத்திலேயே கடைசி வரியாக, படத்தை வெளியிடச் சம்மதம் என்று இங்கிலீஷில் இருக்கும். கீழே அவள் கையெழுத்து.

"சைன் வண்டிக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

கையெழுத்து வாங்கினேன். கேட்கவில்லை. கேட்கவே இல்லையே நான் — அதுவும் போதாதென்று அந்தப் பாரத்தை வேறு காட்டினேனே. சீ. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். ஒரு தட்டு, அவ்வளவு லைக்கும் போயிற்று. முகம் இல்லாமல் யார் பார்ப்பார்கள் மேடம் என்று ஹரிஷ் முணுமுணுத்தார். பாரத்திலிருந்து அந்த வரியையும் அடிக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அடித்தார்.

ஏழாம் நம்பரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, படத்தை நீக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் முதுகிடம் சொன்னேன். திரும்பவில்லை. வண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்தேன். யசோதா கொடுத்த காபி நன்றாகத்தான் இருந்தது. பாதியை வைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

புதுப் பதிவு. ஆள் இல்லை, வெறும் வீல்சேர். அதுவே பேசுவது போலத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதினேன்: 'நான் நாலாம் நம்பர். போன வாரம் ஒருவரை ஓட்டுக் கேட்காத குறையாக ஊரெல்லாம் சுற்றிக் காட்டினேன். உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே என் தம்பி யாராவது தூங்குகிறானா?' அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுக்களிலும் போடச் சொன்னேன்.

லைக் எண்பத்தாறு. கனடா மௌனம்.

ஜூன் 25, புதன்

ஆனால் போன்! நாலு பேர் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் மாமனாருடைய வீல்சேரில் ஐந்து வருஷமாக மணி பிளாண்ட் வைத்திருக்கிறாராம். செடிக்குக் கால் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அவரே கொண்டுவந்து தந்தார். தொட்டியோடு படம் எடுத்து, அவரிடம் கேட்டுக்கொண்டு போட்டேன்.

ஜூலை 2, புதன்

யசோதாவுக்குப் போன் செய்தேன். ஏழாம் நம்பரில் துணி காய்கிறதாம். அவர் தொடுவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பதினொன்று இப்போது இருபத்து நாலு. காத்திருப்பவர்கள் ஆறு பேர்தான். ஹரிஷ் இப்போதெல்லாம் லைக் கணக்குக் கேட்பதில்லை. சட்டையை மடித்துக்கொண்டு சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் யசோதாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பின்னாலேயே போன். நான் போடுவதையெல்லாம் அவள் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாளாம். மணி பிளாண்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். இதில் யார் மூஞ்சியும் இல்லையே என்றாராம். மறுநாள் துணியை எடுடி, கடைக்குப் போகணும் என்றிருக்கிறார்.

"போட்டோ அவரே போடச் சொன்னாரு மேடம். பன்னெண்டு எடுத்தோம். இதுதான் வேணுமாம்."

ஜவுளிக்கடை. மேஜைக்குப் பின்னால் நாராயணசாமி, புதுச் சட்டை, மழமழவென்று சவரம். வலது கையில் துணி அளக்கும் கம்பி. வாடிக்கையாளர் யாரையோ அதட்டுகிற முகம். மேலே எழுத வேண்டியதையும் அவரே சொல்லி அனுப்பியிருந்தார்: 'பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கடையில் இருப்பேன்.'

ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன்.

இதில் நம் வீல்சேர் எங்கே மேடம், தெரியவே இல்லையே என்று ஹரிஷ் கேட்டார்.

மேஜைக்குப் பின்னால் இருக்கிறது, அவருக்கு அப்படித்தான் வேண்டுமாம் என்றேன்.