மொகலாயரும் எங்கள் வில்லரே வீடும்

இன்று காலை சந்தையில் முலாம்பழம் குவித்து வைத்திருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் மேல்தான். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பழக்காரனை மறித்து வைத்து, இந்துஸ்தானைப் பிடித்த பாபர் முலாம்பழம் ஒன்றை வெட்டியதும் ஊர் நினைவில் அழுத கதையை உங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்வீர்கள். பின்னால் வரிசை நீளும். உங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் பையோடு நிற்பேன்.

சாவகச்சேரியில் பிறந்த சைவக்காரருக்கு மொகலாயர் மேல் அப்படி என்ன பைத்தியம்? கேட்டால், "அவனும் எங்களைப் போல ஊரைப் பறிகுடுத்தவன்தானே" என்பீர்கள். சமர்கந்தைப் பிடித்தான், இழந்தான், மறுபடி பிடித்தான், மறுபடி இழந்தான். காபூலில் ஒதுங்கி, அங்கிருந்து இறங்கி வந்து பானிபட்டில் வென்றான். இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்து, வில்லரேப் பகுதியில் நாங்கள் இந்த மாடிவீட்டை வாங்கிய அன்று, பனியில் வழுக்கும் வெளிப்படியில் நின்று, "இஞ்சாரும், இதுதான் எங்கடை பானிபட்" என்று கத்தினீர்கள். பக்கத்து வீட்டுக்காரி யன்னலைத் திறந்து பார்த்தாள்.

எல்லாவற்றையும் விட அதிகம் சொன்னது ஷாஜகானின் பிள்ளைகள் அரசுக்காக ஒருவரோடொருவர் அடிபட்ட கதை. மூத்தவனுக்கே அரசு என்ற முறை அவர்களிடம் இல்லை, வென்றவன்தான் ஆள்வான். சோறு ஆற ஆறச் சொல்வீர்கள். "ஒருத்தனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு மத்தவங்களைத் தூரத்துக்கு அனுப்பினான். எல்லாரையும் ஒண்டா இருத்திக் கதைச்சிருக்க வேணும்" என்று தாஜ்மகால் கட்டியவனுக்கே புத்தி சொல்வீர்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் எங்கள் மூத்தவன் சொன்னான்: "வீடு எனக்கெண்டு அப்பா சொன்னவர்." இளையவன் சோற்றுக் கையோடு எழும்பினான். "எனக்கும் அதைத்தான் சொன்னவர்." இருவரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். யார் முகத்தையும் பார்த்து இல்லை என்று சொல்ல வராத மனிதர் நீங்கள். ஒருவனுக்குக் காரில் சொல்லியிருப்பீர்கள், மற்றவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில். உங்கள் சரித்திரப் படிப்பு இதற்குக்கூட உதவவில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரே கார்டெரிக்கு, அதே பிள்ளைகள் காப்பகத்துக்குத்தான் போகிறார்கள். தகப்பன்மார் வாசலில் எதிரெதிரே வந்தால் போனைப் பார்க்கிறார்கள்.

போன கிழமை மேல்வீட்டிலிருந்து மூத்தவன் இறங்கி வந்து, "அம்மா, நீங்கள் கீழை ஒரு அறையிலை நிம்மதியா இருங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பன் ஷாஜகானை ஆக்ரா கோட்டையில் அடைத்து வைத்தவனும் இப்படித்தான் பணிவாகத் தொடங்கியிருப்பான். இளையவனையும் வரச்சொல்லி போன் பண்ணினேன். இருவரையும் ஒரே மேசையில் இருத்தினேன்.

"கொப்பர் சொன்ன கதையிலை, பிள்ளையள் அடிபடுறதுக்கு முந்தியே தாய் செத்துப் போனா. இஞ்சை தாய் உயிரோடை இருக்கிறன். இந்த வீட்டிலை பாதி என்ரை பேரிலை. நான் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் முடிசூட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டு பேரும் இஞ்சை வந்து சாப்பிடவேணும்."

மூத்தவன் தலையைக் குனிந்தான். "ஓம் அம்மா." பிறகு இளையவன், அண்ணனைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியாமல், மெல்லக் கேட்டான்: "மும்தாஜ் இருந்திருந்தால் அவை அடிபட்டிருக்க மாட்டினமோ?"

இத்தனை வருடமும் உங்கள் மொகலாயரைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சமைத்துக்கொண்டிருந்தேன். நானாக உங்களிடம் கேட்க நினைக்கும் முதல் கேள்வி இதுதான். அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன், இப்போது பார்த்து நீங்கள் இல்லை.