உள்ளூர் வாசனை

சின்னவள் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

தோட்டத்தில் எனக்கு இப்போது புது வேலை. பெண் அந்துப்பூச்சியின் வாசனை வைத்த பொறிகளை மரத்தில் மாட்டி, ஆண் பூச்சிகளைப் பிடிக்க வேண்டும். பொறி நிறைந்தால்தான் லீவு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஒன்றுகூட விழவில்லை. பத்தாவதோடு நின்ற மண்டை, தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று போய்ப் போய்ப் பார்த்தேன். இருப்புக்கொள்ளவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வாசனை வேறு தேசத்துச் சரக்கு. பூச்சி ஒரே இனந்தான். ஆனால் அங்கே பெண் பூச்சியின் வாசனைக் கலவை வேறாம். இங்கத்து மாப்பிள்ளைகள் திரும்பியே பார்க்கவில்லை.

நேற்று உள்ளூர்க் கலவை வந்தது. மாட்டிய கையை வழக்கம்போல் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் என்னைச் சுற்றி ஒரே பூச்சி.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்திருக்காங்க, கொஞ்சம் தலைய குனிஞ்சுக்கங்க!" என்று சமையல்காரர் கத்தினார்.

சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார். "சட்டை நிறைஞ்சா போதாதுய்யா, பொறி நிறையட்டும்" என்றார். காலையிலிருந்து பொறியைத்தான் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

ஒரு சின்ன உதவி. நீ குளிக்கும் அந்தப் பச்சை சோப்பில் இரண்டு கட்டி அனுப்பு. இங்கேயும் அதே பெயரில் விற்கிறது, நுரையும் வருகிறது. வாசனைதான் நம் வீட்டு வாசனையாக இல்லை.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. பொறி நிறைந்தால் போன் செய்கிறேன். அப்போது சோப்பு அனுப்பாதே, நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஊர்ப் பூச்சி