மாடலில் இல்லாத பஸ்

“ஏலே வாத்தி, ஒன் மாடல்ல பஸ்ஸு எங்கலே?”

இருபது வருஷத்துக்கு முன்னால் நீ என்னைக் கேட்ட கேள்வி இது. போன செவ்வாய்க்கிழமை காலையில், நீ அத்தனை வருஷம் நின்ற அதே மருந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது திரும்பக் காதில் விழுந்தது.

ரத்த அழுத்த மாத்திரைக்கு இராஜபாளையத்திலேயே எத்தனையோ இடம் இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, உன் ஆஸ்பத்திரியில் உன் கையால் வாங்கியே பழகிவிட்டேன். நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் அதை மாற்றத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் போனதும் வருமே, சத்து மாத்திரையும் பினாயிலும் கலந்த ஒரு வாசம், அது அப்படியே இருக்கிறது. உன் இடத்தில் இப்போது ஒரு பெண். மாத்திரைக் கவரில் ‘காலை 1, இரவு 1’ என்று அச்சடித்ததுபோல எழுதித் தருகிறாள். உன் எழுத்தை என்னைத் தவிர யாரும் படிக்க முடியாது. எனக்குத் தரும் கவரில் மட்டும் கீழே ‘மறந்தால் அடி’ என்று ஒரு வரி சேர்த்திருப்பாய்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நான்கு பேர்தான். எட்டரை மணிக்கு வெளியே பிரேக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, வத்திராயிருப்பு பஸ். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. உடனே பக்கத்தில் இரண்டாவது ஜன்னல் கிறீச்சென்று திறந்தது. “வந்துட்டாகலே” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்ல ஆளில்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “ஏம்மா, அந்த ஜன்னல் மட்டும் ஏன் எட்டரைக்குத் திறக்குது?”

“அது அப்படித்தான் சார், எப்பவுமே.”

எப்பவுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்த வருஷங்கள் அவை. வரிசைகளைக் கம்ப்யூட்டருக்குள் போலியாக ஓடவிட்டுப் பார்ப்பது என் ஆராய்ச்சி. நிஜ ஆஸ்பத்திரியில் ஒரு ஜன்னலை மூடிப் பார்த்து என்ன ஆகிறது என்று சோதிக்க முடியாது. கம்ப்யூட்டருக்குள் மூடிப் பார்க்கலாம். அங்கே ஆயிரம் நாட்களை ஒரு நிமிஷத்தில் ஓட்டலாம். அடுத்த ஆள் எத்தனை நிமிஷம் கழித்து வருவார் என்பதற்குத் தாயக்கட்டை உருட்டுவதுபோல ஓர் எண்ணைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. எந்த வரிசையை எடுக்கலாம் என்று யோசித்தபோது, “எங்க மருந்து ஜன்னல எடுலே. மாசாமாசம் நோட்டோட வந்து சுகர் மாத்திரை வாங்கிட்டுப் போறவுகதான். சிக்கலே இல்ல” என்று இடம் காட்டியவன் நீ.

உன் பதிவேட்டிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எடுத்தேன். ஜன்னல் திறந்திருக்கும் மணி நேரத்தால் வகுத்தேன். கல்லூரி விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, நாலைந்து நாள் சாயங்காலம் உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் மருந்து கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தேன். ஆட்கள் ஒருவர், செத்த நேரம் கழித்து இன்னொருவர் என்று நிதானமாக வந்தார்கள். நான் ஓய்வாக இருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியும் ஓய்வாகத்தான் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. பகுதி நேர ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற பிழை அது. எங்களுக்கு ஒழிகிற நேரத்தில்தான் உலகத்தை அளப்போம்.

விடை அழகாக வந்தது: ஒரு ஜன்னலே போதும், இரண்டாவது தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் என் கைடு வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பதிவுக்காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒரு சனிக்கிழமை உன்னைக் கல்லூரி லேபுக்கு அழைத்துவந்து திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். சின்னச் சின்னக் கட்டங்கள் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து ஜன்னலைத் தொட்டுவிட்டு வலப்பக்கம் போயின. நீ ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாய்.

“இவுக எல்லாம் யாருலே?”

“பேஷண்ட்தான்.”

“இம்புட்டு ஒழுங்காவா? எல்லாரும் சொந்தக் காருலயா வாராக? ஏலே வாத்தி, ஒன் மாடல்ல பஸ்ஸு எங்கலே?”

“பஸ்ஸெல்லாம் சராசரிக்குள்ள அடங்கிரும்லே.”

“சராசரிய நீ வரிசையில பாத்திருக்கியா? நான் ஒருநாளும் பாத்ததில்ல. எனக்கு ஒண்ணு, முப்பது பேரு நிப்பாக. இல்ல, ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன்.”

நான் சிரித்து மழுப்பினேன். உண்மையில் கோபம் வந்தது. இரண்டு மாதத்தில் பட்டம் கைக்கு வரவிருக்கிற ஆளிடம், அடிக்கல்லையே அசைத்துப் பார்க்கிறானே என்று. நீ மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், உனக்கென்ன தெரியும் என்றும் உள்ளே ஒரு எண்ணம் ஓடியது. அதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அறிக்கையை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்னை நம்பி, சோதனையாக இரண்டாவது ஜன்னலை மூடினார்கள். ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய்: “நாளைக்கு காலேஜுக்கு லீவு போட்டுட்டு எட்டு மணிக்கு வா. உள்ள வராத. வரிசையில நில்லு.”

நின்றேன். எட்டரைக்குப் பஸ் வந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குள் இறங்கினார்கள். அதன் பின்னாலேயே இன்னொரு பஸ். வரிசை தாழ்வாரத்தை விட்டு வெயிலுக்குள் நீண்டது. எனக்குப் பின்னால் மகாராஜபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் செருகிய மாத்திரை நோட்டு. எட்டி எட்டி முன்னால் பார்த்தாள்.

“இம்புட்டு பேரா... ஒம்பது மணி பஸ்ஸ விட்டா களையெடுப்புக்குப் போக முடியாதே. நாளைக்குப் பாத்துக்கிடுதேன்” என்று எனக்கோ தனக்கோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் அவள் வந்தாளா, எனக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டர் நிரலில் வந்தவர்கள் எல்லாரும் மருந்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் என்று ஒரு ஆளை நான் எழுதவே இல்லை.

அன்று மத்தியானம் நீ மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தினக் காலண்டர் தாள்களை எடுத்துப் போட்டாய். பின்பக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு. வந்த ஆளுக்கு ஒரு புள்ளி. மாத்திரை கொடுத்துக்கொண்டே இடது கையால் வைத்த புள்ளிகள். எட்டரைக் கோட்டில் புள்ளிகள் எறும்புப் புற்று மாதிரி. பத்தரைக்கு மேல் கோடு கோடாக வெறுமை. நாள் முழுவதையும் கூட்டி வகுத்தால் என் எண்ணேதான் வந்தது. அதுதான் என்னை உலுக்கியது. என் சராசரியில் பிழையே இல்லை.

பிற்பாடு வகுப்பில் இதை விளக்க நான் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை முன்னூற்று அறுபத்தைந்தால் வகுத்தால், தினமும் லேசான தூறல்தான். அந்தக் கணக்கை நம்பினால் எந்தக் கண்மாய்க் கரையும் உடையாது, எந்தக் கிணறும் வற்றாது. பிள்ளைகள் சிரிப்பார்கள். உதாரணம் என்னுடையது, விஷயம் உன்னுடையது.

மறுநாளே நிர்வாகத்திடம் போய் என் அறிக்கை தப்பு என்றேன். ஜன்னல் திறந்தது, பஸ் வரும் நேரத்துக்கு மட்டும், இரண்டாவது ஆள் உட்காரும்படி. ஆராய்ச்சியை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. கூடுதல் காலம் கேட்டு விண்ணப்பித்தேன், ஒரு வருஷம் போனது. அந்த எரிச்சலில் உன்னிடம் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். நாலாவது வாரம் நீயே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்னொரு கட்டுக் காலண்டர் தாளை நீட்டினாய். “கோவம் இருந்தா இருந்துக்கோ. புள்ளிய வாங்கிக்கோ.”

வாய்மொழித் தேர்வுக்கு லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஆட்கள் கூட்டமாக வருவதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டார். நான், “நேரடிக் கண்காணிப்பின் மூலம்” என்றேன். உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய்: “நேரடிக் கண்காணிப்புன்னு ஒனக்கு ஒரு கூட்டாளி இருக்கானாமே. எனக்கு அறிமுகப்படுத்தவே இல்லையலே?” ஊர் வரும்வரை சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் குத்துகிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டாவது ஜன்னல் வரிசையில் கோமதி நிற்கிறாள். உன் மனைவி. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி! சௌக்கியமா? மதினி பெங்களூருல மக வீட்டுலதான் இருக்காகளா? சாப்பாட்டுக்கு என்ன செய்யிதீக?”

“நானே பொங்கிக்கிடுதேம்மா.”

“இங்க எப்படி?”

“மாத்திரைக்கு. மாசாமாசம் வருவேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. உன் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை.

“மாசாமாசமா?” என்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, குறையாக இல்லாமல், சமையல் விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள்: “பதினாறாம் நா வரைக்கும் டம்ளர் கழுவி ஓயல அண்ணாச்சி. எங்கெங்க இருந்தெல்லாமோ வந்தாக. பொறவு அந்தப் பெரிய காப்பிச் சட்டிய மேல ஏத்தி வச்சேன். இன்னும் இறக்கல.”

அவள் முறை வந்தது. “வாரேன் அண்ணாச்சி” என்று ஜன்னல் பக்கம் போனாள்.

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். நான் போகாமலா இருந்தேன்? எத்தனை தடவை போயிருக்கிறேன்! வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்து எண்ணினேன். இருபது தடவை. பத்து மாதத்தில் இருபது, மாதத்துக்கு இரண்டு. ஒரு நண்பன் வீட்டுக்கு அது குறைச்சலா?

எண்ணி முடித்த இடத்தில் நின்றுவிட்டேன். சுவரிலிருந்து காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு கோடு போட்டு, உன்னைப் போலவே புள்ளி வைத்தேன். முதல் கோட்டில் பதினெட்டு. இரண்டாவது கோட்டில் இரண்டு. அதற்குக் கீழே எட்டுக் கோடுகள் வெறுமனே கிடந்தன.

நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டோம்.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். நீ இல்லாத அந்த நாற்காலியைப் பார்க்க முடியாது என்று இங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டிலும் என் குரல் கேட்காத நாட்கள் உண்டு. பால்காரரிடம் ‘அரை லிட்டர்’ என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். ஏழு மைல் தள்ளி அங்கே ஒரு சட்டி பரணில், இங்கே நான். இரண்டு வெறும் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கின்றன. நீ இருந்தால் ஒரே கேள்வியில் முடித்திருப்பாய்.

நேற்றுக் கோமதிக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். “காப்பி போடவா, சாப்பிடுதீகளா?” என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளையும் டைரியில் குறித்துவைத்திருக்கிறேன். மாத்திரைக்கும் இனி அன்றைக்கே வருவேன்.

உனக்கு எழுதுகிற இதை வேறு சிலரும் படிப்பார்கள். வாத்தியாராகவே இருந்து பழகியவன், அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க வரவில்லை. துக்கம் நடந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் மாதத்துக்கு ஒரு கோடு போட்டு, நீங்கள் போன நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். கூட்ட வேண்டாம், வகுக்க வேண்டாம். கடைசிக் கோடு வெறுமையாக இருந்தால், இந்த வாரமே போய் ஒரு காப்பி கேளுங்கள்.