வாயில்லா ஜீவனின் வாய்

அன்புத் தங்கை எஸ்தருக்கு,

உன் அண்ணன் தானியேல் எழுதுகிறேன். நீ வளர்த்த உபதேசியார் மறுபடியும் தாமாகவே சாப்பிடுகிறார் என்பதையும், அதில் உன் கணவரின் பங்கு என்ன என்பதையும் உனக்குத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

மற்றவர்களும் இதைப் படிக்கப் போவதால் ஒரு விளக்கம் அவசியமாகிறது. உபதேசியார் திருச்சபை ஊழியர் அல்லர். உடல் முழுக்கக் கறுப்பும் கழுத்தில் மட்டும் போதகர் அணிவதுபோன்ற வெள்ளைப் பட்டையுமாக வந்து சேர்ந்த ஒரு கினிப்பன்றிக்கு நீ சூட்டிய பெயர் அது. நான் ஆட்சேபித்தேன். அதன் பிறகு நீ அவரை மரியாதைப் பன்மையில் மட்டுமே அழைத்தாய். இப்போது எனக்கும் வேறு மாதிரி எழுத வரவில்லை.

உன்னை அடக்கம் செய்த வாரம், துக்கம் கேட்கப் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கூண்டருகிலும் கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர் வெள்ளரியின் சதையை நக்குவதோடு சரி, வேறெதுவும் உள்ளே போகவில்லை என்ற செய்தி பரவியிருந்தது. "உபதேசியார் உபவாசத்துல இருக்காரு மச்சான்" என்றார் உன் கணவர் செல்வராஜ். வேடிக்கையாகத்தான் சொன்னார். முகம் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா, வாயில்லா ஜீவன். அதுக்குக்கூடத் தெரியுது" என்று சபையிலிருந்து வந்த அக்கா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வாயில்லா ஜீவன் என்று சொன்ன ஒருவரும் அதன் வாயைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். கல்லூரி வினாத்தாள்களில் சொற்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு 'மாட்டேன்' என்பதும் 'முடியவில்லை' என்பதும் ஒன்றல்ல. மாப்பிள்ளை கொத்தமல்லித் தண்டை உள்ளே வைத்ததும் உபதேசியார் ஓடிவந்தார். கவ்வினார். மென்று பார்த்தார், நழுவவிட்டார், மறுபடி கவ்வினார். தாடைக்குக் கீழே ரோமம் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. சாப்பாடே வேண்டாம் என்பவர் அதை நோக்கி ஓடிவருவாரா, எஸ்தர்?

"மாப்பிள்ளை, அவர் சாப்பிட மாட்டேங்கல. சாப்பிட முடியல."

"விடுங்க மச்சான். அவ பின்னாடியே போவணும்னு நினைக்கிறாரு. போவட்டும்."

அந்தப் 'போவட்டும்' எனக்குச் சரியாகப் படவில்லை. என் வீட்டிலிருந்து அனுப்பிய சாப்பாட்டு கேரியர் மேசைமேல் திறக்கப்படாமலே இருந்தது. முந்தின நாள் அனுப்பியதும் அப்படியே திரும்பி வந்திருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை, உபதேசியார் இருவரையும் தாம்பரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மையார் சின்ன விளக்கு வைத்த கருவியால் வாய்க்குள் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார்.

"இதுங்களுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளரும் சார். கடவாய்ப் பல் ரெண்டு பக்கமும் நாக்குமேல வளைஞ்சு பாலம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. நாக்கைத் தூக்கவே முடியாது. அப்புறம் எப்படி முழுங்கும்?"

வெளியே தெரிவது முன்பல் மட்டுமே என்பதால் வீட்டில் யாருக்கும் புலப்பட்டிருக்காது என்றும் சொன்னார். இதை உனக்காகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். பல்லைத் தேய்த்துவிடலாம், ஆனால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இருக்கிற பலவீனத்தில் எழுந்திருக்காமலும் போகலாம். சம்மதக் கையெழுத்து உரியவர்தான் போட வேண்டும்.

மாப்பிள்ளை உபதேசியாரின் நனைந்த தாடையைத் துண்டால் துடைத்தார். பிறகு, "டாக்டர், இவருக்குச் சாப்பிடணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

"பசியில துடிக்குது சார்."

"அப்ப எங்க கையெழுத்துப் போடணும்?"

எஸ்தர், அந்த வாரத்தில் உன் கணவர் எதையும் முடிவு செய்யவில்லை. கல்லறை வாசகம் உட்பட எல்லாவற்றுக்கும் என் முகத்தையே பார்த்தார். இதற்கு மட்டும் பார்க்கவில்லை. எனக்கு உண்டான பெருமையை அங்கே காட்டிக்கொள்வது முறையல்ல என்று சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உபதேசியார் எழுந்துவிட்டார். ஆனால் சாப்பிடவில்லை. வாய் புண்ணாயிருந்தது, தாடையில் வலுவில்லை. குடல் வேலையை நிறுத்திவிட்டால் பிழைக்க மாட்டார், அதனால் ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்ட வேண்டும் என்றார் மருத்துவர். தீவனத்தை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டுவது என் பொறுப்பு. அந்த மிக்ஸி ஜாரில் இனிச் சட்னி கிடையாது என்று உன் அண்ணி அறிவித்துவிட்டார். ஊட்டுவது மாப்பிள்ளையின் பொறுப்பு. விமான நிலைய வேலை முடிந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். வாயின் பக்கவாட்டில் கொஞ்சமாக விட வேண்டும், மென்று முடித்த பிறகே அடுத்தது என்று நான் மருத்துவரின் குறிப்பை உரக்கப் படிப்பேன்.

"வசனம் வாசிச்சது போதும் மச்சான், அவருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்பார். பிறகு மடியைப் பார்த்து, "ஒரு வாய் உபதேசியாரே. காணிக்கைப் பை வந்துடும், சீக்கிரம்."

பாதியை உபதேசியார் மாப்பிள்ளையின் சட்டைமேல் துப்புவார். தலைக்குமேல் விமானம் தாழ இறங்கும்போது மாப்பிள்ளை அந்தச் சின்னக் காதுகளை விரலால் மூடிக்கொள்வார்.

புல்லைத் தாமாக மென்றால்தான் பல் தேயும். கூழால் தேயாது. ஆகவே கிழக்குத் தாம்பரத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் வாங்கத் தொடங்கினேன். ஞாயிறு ஆராதனை முடிந்து நேராகப் போனபோது பூக்கார அம்மாள் கேட்டேவிட்டார்.

"இன்னா சார், கையில பைபிள் கீது. கட்டு கட்டா அருகம்புல் வாங்கினு போற. இன்னா வேண்டுதல்?"

"உபதேசியாருக்கும்மா" என்றேன். அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அன்றுதான் நடந்தது. புல்லைக் கழுவி, உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கித்தான் வைக்க வேண்டும் என்றேன் நான். "காட்டுல இதுங்களுக்கு யாரு மச்சான் நறுக்கிக் குடுத்தாங்க?" என்றார் அவர். குரல்கள் உயர்ந்தன. கழுவிய கட்டு தரையில் செய்தித்தாள்மேல், கூண்டுக்கு வெளியே விட்டிருந்த உபதேசியாருக்குப் பக்கத்தில் கிடந்தது.

"மச்சான், வாயை மூடுங்க."

அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. மூடினேன். அப்போதுதான் கேட்டது. நறுக், நறுக். ஒரு நீளப் புல் உபதேசியாரின் வாயோரத்தில் குறுகிக்கொண்டே போய் மறைந்தது. அடுத்ததை அவரே கட்டுக்குள்ளிருந்து இழுத்தார். நாங்கள் இருவரும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கேரியரைத் திறந்து கொடுத்தேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மீன் குழம்பில் உப்புக் குறைவு என்று புகாரும் சொன்னார். உன் அண்ணியிடம் அதைச் சொன்னேன், அழுதுவிட்டார்.

இது ஒரே தடவையில் முடிகிற வேலையல்ல. பல் மறுபடி வளரும், மறுபடி தேய்க்க வேண்டும், ஆயுள் முழுதும் இப்படித்தான் என்கிறார் மருத்துவர். ஒவ்வொரு முறையும் தவணை தவறாமல் நான் கூடப் போவேன். மாப்பிள்ளை வண்டி ஓட்டுவார். உபதேசியாரின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். நாங்கள் இருவரும் ஹெல்மெட் அணிந்திருப்போம். திரும்பும் வழியில் மாப்பிள்ளையை என் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்த பிறகே அனுப்புவேன்.

இப்படிக்கு,
உன் மூத்த அண்ணன், செல்வராஜின் மச்சான்,
தானியேல்
சேலையூர்